எலியின் வயிற்றில் வெளிச்சம்

படத்தைப் பார்த்ததும் தென்றலுக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் வயிறு கிடக்கட்டும், எலியின் வயிறுதான் இங்கே பிரச்சினை. இருட்டுப் பெட்டிக்குள் மயக்கத்தில் படுத்திருந்த அந்த எலி, கம்ப்யூட்டர் திரையில் வயிறு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகத் தகதகத்துக்கொண்டிருந்தது. தோளில் புற்றுக்கட்டி இருந்த இடத்தில் பேருக்கு ஒரு மங்கல். வெளிச்சம் தோளில் இருக்க வேண்டும், வயிற்றில் இருக்கக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மூன்று வருஷமாக அவள் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

ஒரகடம் என்றால் கார் செய்வார்கள், டயர் செய்வார்கள், பஸ் பஸ்ஸாக ஆளை இறக்கி போனுக்கு மூடி மாட்டுவார்கள் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போகும் அந்த ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், பெரிய கம்பெனிகளின் முதுகுக்குப் பின்னால், மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் சின்னக் கட்டடம் ஒன்றும் இருக்கிறது. தென்றலுக்கு வேலை அங்கே. ஊர் பென்னலூர். சித்தி மகன் போன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகி மாடி வீடே எழுப்பிவிட்டான். இவளோ முப்பத்து நாலு வயது வரை படி படி என்று படித்துவிட்டு வந்திருக்கிறாள். விசேஷ வீடுகளில் சித்தி, "இன்னும் எலியத்தான் பாத்துக்கினு கீறியா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பந்திக்குப் போய்விடுவாள்.

எலியைப் பார்க்கிறவள்தான். ஆனால் எலிக்குள் என்ன பார்க்கிறாள் என்பதைச் சித்திக்கு யார் சொல்வது? தென்றல் செய்திருப்பது கண்ணுக்கே தெரியாத ஒரு துகள். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் துகளை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு பொடி. அதன் உள்ளே புற்றுநோய் மருந்து, மேலே ஒரு சாயம். எலியின் வால் நரம்பில் ஊசி போட்டு ஏற்றினால், ரத்தத்தோடு போய்க் கட்டியில் மட்டும் தங்க வேண்டும், மருந்தை அங்கே இறக்க வேண்டும். தங்கியதா என்று பார்க்க எலியைக் கிழிக்க வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்து இருட்டுப் பெட்டியில் படுக்கவைத்து ஒரு விளக்கை அடித்தால், நம் கண்ணுக்குப் படாத நிறத்தில் சாயம் ஒளிரும். அதைப் பெட்டிக்குள் இருக்கும் காமிரா பிடித்துவிடும். உயிருள்ள உடம்புக்குள் துகள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பது திரையில் தெரிந்துவிடும்.

தெரிந்ததுதானே வினை. வயிற்றில் வெளிச்சம் என்றால், ஈரல் துகளைப் பிடித்து, இது வேண்டாத குப்பை என்று பித்தநீரோடு குடலுக்குத் தள்ளிவிட்டது என்று அர்த்தம். மருந்து கட்டிக்குப் போகவில்லை, புழுக்கையோடு வெளியே போகிறது. மூன்று வருஷத்து உழைப்பு புழுக்கையில்.

இந்த வேலைக்குப் பணம் போடுகிற மருந்து கம்பெனிக்காரர்கள் திங்கட்கிழமை படத்தைப் பார்க்க உட்காருகிறார்கள். இப்படியே இருந்தால் இந்தத் துகளை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான் என்று பிரசன்னா சொல்லிவிட்டார். பிரசன்னா அந்தக் கட்டடத்துக்குத் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியைக் குரலை உயர்த்தாமல் சொல்லத் தெரிந்தவர், அதனால்தான் அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

காமிராவைப் பார்த்துக்கொள்கிற ரகு, மெஷினில் தப்பே இல்லை என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தான். அவன் சொல்வதும் நியாயம். ஊசி போடாத எலிகளையும் கூடவே படம் எடுக்கிறார்கள். அவற்றுக்கும் அதே கூண்டு, அதே தீவனம், அதே காமிரா. அவற்றின் வயிறு கரிப்பானை மாதிரி இருட்டாக இருக்கிறது. ஊசி போட்டவை மட்டும் எரிகின்றன. அப்படியென்றால் எரிவது துகள்தான், வேறென்ன? தென்றலே பத்துப் பேரிடம் இப்படித்தான் விளக்கியிருப்பாள். தன் பிள்ளைக்குத் தானே குற்றப்பத்திரிகை எழுதுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து எல்லாப் படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தாள். ஆறிப்போன டீயை ரகு இரண்டு தடவை எடுத்துப்போய் மாற்றினான். மூன்றாவது டீயும் ஆறிய பிறகுதான் அவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

அந்த எலிக்கு வெளிச்சம் குடலில் இல்லை. கொஞ்சம் மேலே, இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே இருந்தது. அது இரைப்பை இருக்கிற இடம்.

ஈரல் தள்ளிவிட்டது இரைப்பைக்குக் கீழேதான் குடலில் வந்து விழும். அங்கிருந்து மேலே ஏறாது. அப்படியானால் இரைப்பைக்குள் இருப்பது வாய் வழியாகப் போனதுதான். எலி தன் புழுக்கையையே தின்னுமே மேடம் என்று ரகு ஞாபகப்படுத்தினான். தின்னும், ஆனால் இது ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே எடுத்த படம். துகள் குடலுக்கு வந்து, புழுக்கையாகி, அதை எலி தின்று முடிக்க அதற்குள் ஏது நேரம்? தென்றல் தீவனத்தில் ஒரு வில்லையைக் கொண்டுவரச் சொல்லிக் காமிராவில் வைத்தாள். சுத்த இருட்டு. இருட்டாகத்தானே இருக்க வேண்டும், அதற்கென்றே இலை தழை எதுவும் கலக்காத தீவனமாகத் தேடி வாங்குகிறார்கள். பச்சை இலையில் இருக்கிற பச்சையம் இந்த விளக்குக்குக் கீழே அப்படியே பற்றி எரியும். அது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம்.

தீவனம் இல்லையென்றால் வேறு யாரோ, வேறு எதையோ கொடுத்திருக்க வேண்டும். தென்றலின் காது சிவந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது காதுதான்.

எலி அறையைப் பார்த்துக்கொள்வது ரத்னா. மணிமங்கலத்துக்காரி, நாற்பதைத் தாண்டியவள், காண்ட்ராக்டர் மூலமாக வேலைக்கு வந்தவள். அதற்கு முன் கார் கம்பெனிக்கு ஒயர் கட்டும் லைனில் ஷிப்ட் முழுக்க நின்று நின்று முட்டி போய்விட்டது. இங்கே உட்கார்ந்து செய்கிற வேலையும் உண்டு என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். சும்மா சொல்லக் கூடாது, அவள் கை பட்டால் எந்த எலியும் கடிக்காது. மயிரே இல்லாத, தோல் இளஞ்சிவப்பாகத் தெரிகிற அந்த எலிகளை அவள் குளிப்பாட்டாத குறை. தென்றல் கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போனபோது ரத்னா கூண்டுக்கு மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ரத்னாக்கா, ஊசி போட்ட எலிக்கு மட்டும் தனியா எதாச்சும் குடுக்குறீங்களா?"

"ஆமா மேடம்," என்றாள் ரத்னா, மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "பொன்னாங்கண்ணி."

ரத்னா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். ஊசி போட்டு வந்த எலி ஓரமாகக் குன்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அந்த வெள்ளைத் தீவனத்தை மோந்துகூடப் பார்ப்பதில்லை. ஊசி என்றால் சூடு. வீட்டில் ஆட்டுக்கு டாக்டர் ஊசி போட்டாலும் இப்படித்தான் சுருண்டுவிடும், குளிர்ச்சியாக எதையாவது வாயில் வைத்தால்தான் எழுந்து நடமாடும். ஏரி வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி மண்டிக் கிடக்கிறது. நன்றாகக் கழுவி, இரண்டு மூன்று கொழுந்தை மட்டும் கையுறைக்குள் வைத்துக் கொண்டுவருவாள். ஊசி போடாததுகளுக்குக் கொடுப்பதில்லை, அதுகளுக்கு என்ன குறை?

"நான் ஒண்ணும் விவரம் கெட்டவ இல்ல மேடம். அகத்தி குடுத்தா மருந்த முறிச்சிடும். உங்க மருந்து வீணாயிடக் கூடாதுன்னுதான் பாத்துப் பாத்துப் பொன்னாங்கண்ணியா குடுத்தேன்."

வெளியிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது என்று கதவிலேயே போர்டு இருக்கிறதே, அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள் தென்றல். அது நமக்குத்தானே, யாரும் உள்ளே டிபன் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருக்கிறது என நினைத்தேன் என்றாள் ரத்னா.

அதற்கு மேல் தென்றலால் முடியவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். மூன்று வருஷம் என்றாள், என் பிழைப்பு என்றாள், உங்களை யார் கேட்டது என்றாள், இன்னும் என்னென்னவோ. ரத்னாவின் முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த கூண்டைக் கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பாவம், அவளுக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்கவில்லை. கீரை கொடுத்தால் எலி செத்துவிடுமா என்று மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் தென்றலுக்குப் புத்தி வந்தது. ரத்னாவைக் கூட்டிக்கொண்டு காமிரா அறைக்கு வந்தாள். இத்தனை மாசத்தில் ரத்னா அந்த அறைக்கு வந்ததில்லை, கதவோடு எலியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். ரத்னா வாசலில் வைத்துவிட்டு வந்த பையில் மீதம் இருந்த கொழுந்தில் ஒன்றை ரகு பெட்டிக்குள் வைத்தான். பக்கத்தில் ஒரு தீவன வில்லை. விளக்கை அடித்தான். வில்லை இருந்த இடம் தெரியவில்லை. இலையோ நரம்பு நரம்பாகக் கொழுந்துவிட்டு எரிந்தது.

"இன்னா மேடம் இது," ரத்னா திரைக்குக் கிட்டப் போனாள். "நம்ம துன்ற கீரையா இப்பிடிக் கீது?"

தென்றல் சிரித்துவிட்டாள். திட்டிய வாய் மூடுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது, அதை அவளால் அடக்க முடியவில்லை. எலி வயிற்றில் எரிந்தது அவள் துகள் இல்லை! மணிமங்கலம் வாய்க்கால் கீரை. அப்படியானால் துகள் எங்கே? தோளில் தெரிந்த அந்த மங்கல்தான் துகளோ? வயிற்றில் இத்தனை வெளிச்சம் இருந்தால் தோளில் இருப்பது மங்கலாகத்தானே தெரியும், பகலில் நட்சத்திரம் தெரியாத மாதிரி. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கீரையை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

பிரசன்னாவிடம் என்ன சொல்வது என்று ரகு ஒரு யோசனை சொன்னான். காமிராவில் கோளாறு என்று சொல்லிவிட்டுச் சத்தம் போடாமல் இன்னொரு தடவை செய்துவிடலாம், பழியை மெஷின் மேல் போட்டால் மெஷின் அழுமா? தென்றலுக்கும் ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. அப்புறம் வேண்டாம் என்றாள். இந்தப் படங்களை நம்பி நாளை மனுஷன் உடம்பில் ஊசி போடப் போகிறார்கள். முதல் அடியிலேயே பொய்யை வைத்துவிட்டு அதற்கு மேல் எதைக் கட்டுவது?

பிரசன்னா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு காண்ட்ராக்டர் நம்பரைத் தேட போனை எடுத்தார். ரத்னாவை இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார், அதே உயராத குரலில். தென்றல் போனுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"போர்டு மாட்டினோம் சார். ஏன்னு ஒரு நாள்கூட அவங்களுக்குச் சொல்லல. உள்ள வெளிச்சத்தத்தான் பாக்குறோம்னு தெரிஞ்சிருந்தா அவங்க குடுத்திருக்கவே மாட்டாங்க. அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புங்க."

பிரசன்னா அவளை நிமிர்ந்து பார்த்தார். போனைக் கீழே வைத்தார். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். கம்பெனிக்காரர்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்லலாம், கீரை தின்னாத எலிகளை வைத்து ஒரே ஒரு தடவை திரும்பச் செய்ய அனுமதி கேட்கலாம். வயிறு இருட்டாகி, கட்டியில் வெளிச்சம் வந்தால் எல்லோருக்கும் ஒரு விளக்கம் கிடைத்த மாதிரி ஆகும், ரத்னாவும் இருக்கட்டும். வராவிட்டால் தோற்ற மருந்து ஒன்று, மீறிய விதி ஒன்று என்று இரண்டுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்போது தன்னால் யாரையும் காப்பாற்ற முடியாது என்றார்.

திங்கட்கிழமை கூட்டம் திட்டோடு போயிற்று, ஆனால் அனுமதி கிடைத்தது. தோளில் கட்டி வளர்த்த எலிகளில் ஒரே ஒரு கூண்டுதான் பாக்கி இருந்தது. அதுவும் போனால் வேறு இல்லை. தென்றல் ரத்னாவிடம் எதையும் மறைக்கவில்லை. துகள் என்றால் என்ன, வெளிச்சம் எதற்கு, படம் எப்படி வந்தால் நல்லது, எப்படி வந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, எல்லாவற்றையும் எலி அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னாள். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டாள். அதெல்லாம் பரவாயில்லை என்ற ரத்னா, மறுபடி லைனில் போய் நின்றால் இந்த முட்டி ஒரு மாசம் தாங்காது மேடம் என்று மட்டும் சொன்னாள். பிறகு, ஊசி போட்டதும் அதுகள் பட்டினி கிடக்குமே, அதற்கு என்ன செய்ய என்று கேட்டாள். அதே தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாகக் கொடுக்கலாம், ஊசி போட்டது போடாதது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி என்று தென்றல் முடிவு செய்தாள். ரத்னாவுக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது.

ஊசி போட்ட அன்று ரத்னா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்து தென்றலிடம் காட்டினாள். தயிர் சாதம், ஊறுகாய். தென்றல் கேட்கவில்லை, அவளாகத்தான் காட்டினாள். தென்றலுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

துகள் உடம்பில் சுற்றி வர அவகாசம் வேண்டும். அந்த நேரத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. ரகு துடைத்த லென்ஸையே துடைத்தான். கூண்டோடு காமிரா அறை வாசலில் நின்றிருந்த ரத்னா, மனுஷங்களுக்கு இந்த ஊசி போடும்போதும் கீரையே சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிடுவீர்களா என்று கேட்டாள். தென்றல் இல்லை என்றாள். மனுஷ உடம்பு தடிமன், இந்த வெளிச்சம் அத்தனை சதையைத் தாண்டி வெளியே வராது. அவர்களுக்கு ஸ்கேன் மாதிரி வேறு வழியில் துகளைத் தேட வேண்டும். கீரையை அவர்கள் தாராளமாகச் சாப்பிடலாம்.

"அது போதும்," என்றாள் ரத்னா. "சீக்காளிங்க வாய்க்கு எதாச்சும் வேணுமில்ல."

முதல் எலியை மயக்கத்தில் படுக்கவைத்துப் பெட்டியை மூடினார்கள். பிரசன்னாவும் வந்து தென்றலுக்குப் பின்னால் நின்றார். ரகு பட்டனை அமுக்கினான். திரையில் முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் எலியின் உருவம் சாம்பலாகக் கிடந்தது. வயிறு இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் தோளும் இருட்டாக இருந்தால்? கீரையும் இல்லை, துகளும் இல்லை என்று ஆகிவிட்டால்? அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை படித்தவள் அந்த நிமிஷம் மணிமங்கலம் பெருமாளைக் கூப்பிட்டாள், கூப்பிட்டதற்கு வெட்கப்படவும் இல்லை.

"மேடம்," என்றான் ரகு. "கண்ணத் தொறங்க."

ஈரலில் லேசாக ஒரு திட்டு, அது எப்போதும் இருப்பதுதான். வயிறு இருட்டு. வலது தோளில், கட்டி இருந்த அந்தப் பட்டாணி அளவு இடத்தில் மட்டும், வெளிச்சம் நின்று எரிந்துகொண்டிருந்தது. ரகு அடுத்த எலியை வைத்தான், அதற்கும் தோளில்தான். அதற்கடுத்ததற்கும் அப்படியே. ஊசி போடாத எலி முழுசாக இருட்டாகக் கிடந்தது. தென்றல் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பிரசன்னா நிற்கிறார் என்றுகூடப் பார்க்காமல், நன்றாக அழுதாள்.

"போய்ச் சேந்துடுச்சி ரத்னாக்கா," என்று திரும்பினாள்.

ரத்னா திரையைப் பார்க்கவே இல்லை. மயக்கம் தெளியாத முதல் எலியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடு கொடுத்துக்கொண்டு, அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மீசையை அசைத்தது. ஒரு காலை நீட்டி அவள் விரலைப் பிடித்தது.

"இதுவும் முழிச்சிக்கிச்சி மேடம்," என்றாள்.

துகள் கட்டியில் தங்குகிறதா, உடனே நழுவிவிடுகிறதா என்று மறுநாள் இன்னொரு படம் எடுக்க வேண்டும். பிரசன்னா அதை ரகுவிடம் விசாரித்துவிட்டுக் கதவு வரை போனார். அங்கே நின்றார்.

"நாளைக்குக் காலைல எலிங்களக் கொண்டுவரது யாரு?"

ரத்னா தலையைக் குனிந்துகொண்டாள். தென்றல் வாயைத் திறப்பதற்குள் பிரசன்னாவே சொன்னார்.

"ரத்னா, கொஞ்சம் முன்னாடியே வந்துடுங்க. ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸுல உங்க பேரச் சேக்கச் சொல்றேன்."